காட்டுக்குள் செல்போன் சிக்னல் போனாலும் ஜிபிஎஸ் வேலை செய்வது எப்படி? வழி தவறினால் அது நம்மைக் காப்பாற்றுமா?

மேற்குத் தொடர்ச்சி மலையில் ட்ரெக்கிங் போனவர்களுக்கு இந்த அனுபவம் நிச்சயம் இருக்கும். அடிவாரத்தில் இருந்து கொஞ்ச தூரம் ஏறியதுமே செல்போனில் டவர் போய்விடும். அதன் பிறகு யாருக்கும் போன் போகாது. வாட்ஸ்ஆப் மெசேஜும் வராது. ஆனால் அதே போனில், முன்கூட்டியே டவுன்லோடு செய்த மேப்பைத் திறந்தால், நீலப் புள்ளி மட்டும் நாம் நடக்க நடக்க நகர்ந்துகொண்டே இருக்கும்.

சிக்னலே இல்லை, அப்புறம் அந்தப் புள்ளிக்கு மட்டும் நாம் இருக்கும் இடம் எப்படித் தெரிகிறது?

இதற்கான பதில் தெரியாமல்தான் பலரும் ஜிபிஎஸ் கருவியைத் தேவைக்கு மேல் நம்பிவிடுகிறார்கள். கையில் ஜிபிஎஸ் இருக்கிறது, அதனால் தொலைந்துபோனாலும் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைப்பது தவறு. ஜிபிஎஸ் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை உங்களிடம் மட்டுமே சொல்லும். வேறு யாரிடமும் சொல்லாது.

கையடக்க ஜிபிஎஸ் கருவி எப்படி வேலை செய்கிறது? நடந்த தடத்தை அது எப்படிப் பதிவு செய்கிறது? இந்தியாவில் எந்தக் கருவியை வைத்திருக்கலாம், எதை வைத்திருந்தால் சிக்கல்? விரிவாகப் பார்க்கலாம்.

டவர் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் எப்படி?

ஜிபிஎஸ் கருவியை ஒரு எஃப்எம் ரேடியோவோடு ஒப்பிடலாம். வானொலி நிலையம் ஒலிபரப்புகிறது, நம் ரேடியோ அதைக் கேட்கிறது. கேட்பது யார் என்று நிலையத்துக்குத் தெரியாது. ஜிபிஎஸ்ஸும் அப்படித்தான்.

பூமியில் இருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள், தாங்கள் எங்கே இருக்கிறோம், இப்போது நேரம் என்ன என்ற தகவலை ரேடியோ அலைகளாக அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. நம் கையில் உள்ள கருவி அந்த அலை வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்கிடுகிறது. அதில் இருந்து ஒவ்வொரு செயற்கைக்கோளும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால், நாம் இருக்கும் இடத்தையும் உயரத்தையும் கணக்கிட்டுவிடலாம்.

இதில் நேரம்தான் எல்லாமே. ரேடியோ அலை ஒரு நொடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். நொடியின் 10 லட்சத்தில் ஒரு பங்கு கணக்கு தப்பினாலே தூரத்தில் 300 மீட்டர் தவறு வந்துவிடும். அதனால்தான் செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன.

இந்த வேலைக்கு செல்போன் டவரும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். பெரும்பாலான போன்களில் ஃபிளைட் மோடில் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். இன்டர்நெட் இருந்தால் இருப்பிடம் சீக்கிரம் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஜிபிஎஸ் என்பது அமெரிக்காவின் அமைப்பு. ரஷ்யாவுக்கு குளோனாஸ், ஐரோப்பாவுக்கு கலிலியோ, சீனாவுக்கு பெய்டோ, இந்தியாவுக்கு நாவிக் என்று தனித்தனி அமைப்புகள் உள்ளன. இப்போதைய கருவிகள் பலவும் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகளின் சிக்னலைப் பெறும்.

ராணுவத்திடம் இருந்து மலையேறுபவர் கைக்கு வந்தது எப்படி?

ஜிபிஎஸ் முதலில் அமெரிக்க ராணுவத்துக்காகத்தான் உருவாக்கப்பட்டது. 1983 செப்டம்பர் 1ஆம் தேதி, வழி தவறி சோவியத் வான்பரப்புக்குள் நுழைந்த தென்கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 269 பேரும் இறந்தார்கள். அதன் பிறகுதான், ஜிபிஎஸ் முழுமையாகத் தயாரானதும் பொதுமக்கள் பயன்பாட்டுக்கும் இலவசமாகத் தரப்படும் என்று அப்போதைய அமெரிக்க அதிபர் ரொனால்டு ரீகன் அரசு அறிவித்தது.

ஆனாலும் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டது. இதனால் கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை தள்ளிப்போகும். காட்டுக்குள் 100 மீட்டர் என்றால் அது வேறு ஓடை, வேறு சரிவு. ஒற்றையடிப் பாதையைப் பதிவு செய்ய இது போதாது.

2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அதிபர் பில் கிளின்டனின் உத்தரவுப்படி அந்தப் பிழை நீக்கப்பட்டது. ஒரே இரவில் உலகம் முழுவதும் இருந்த சாதாரண ஜிபிஎஸ் கருவிகளின் துல்லியம் பல மடங்கு கூடியது. நடந்த தடத்தைப் பதிவு செய்து, இன்னொருவர் அதே தடத்தில் நடப்பது உண்மையிலேயே சாத்தியமானது அதன் பிறகுதான்.

தடம் எப்படிப் பதிவாகிறது?

ஜிபிஎஸ் கருவியில் மூன்று சொற்களைப் புரிந்துகொண்டால் போதும்.

டிராக்: நீங்கள் நடந்து முடித்த தடம். கருவி குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொரு புள்ளியாகச் சேமிக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் நான்கும் இருக்கும். புள்ளிகளைக் கோடாக இணைத்தால் தடம் கிடைத்துவிடும்.

வேபாயின்ட்: நீங்களே பெயர் வைத்துக் குறிக்கும் ஓர் இடம். வண்டியை நிறுத்திய இடம், தண்ணீர் கிடைக்கும் ஓடை, பாதை இரண்டாகப் பிரியும் இடம் போன்றவை.

ரூட்: இனிமேல் போகப்போகும் வழி. வீட்டில் இருந்தே திட்டமிட்டு ஏற்றிக்கொள்வது.

இவை பெரும்பாலும் ஜிபிஎக்ஸ் என்ற கோப்பு வடிவத்தில் சேமிக்கப்படும். எந்த நிறுவனத்தின் கருவியாக இருந்தாலும், பெரும்பாலான மேப் ஆப்களும் இந்தக் கோப்பைத் திறக்கும்.

எவ்வளவு நேரத்துக்கு ஒரு புள்ளி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நொடிக்கு ஒரு புள்ளி வைத்தால் 6 மணி நேர நடையில் 21,600 புள்ளிகள் சேரும். தடம் துல்லியமாக இருக்கும், ஆனால் நினைவகம் சீக்கிரம் நிரம்பும். நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்தால், கொண்டைஊசி வளைவுகள் எல்லாம் காணாமல் போய், பாதை நேர்கோடாகத் தெரியும். அந்தக் கோட்டை நம்பித் திரும்பி வந்தால் பாதையே இல்லாத சரிவில் போய் நிற்க வேண்டிவரும். திருப்பங்களில் அதிகப் புள்ளிகளையும் நேர்ப்பாதையில் குறைந்த புள்ளிகளையும் தானாகவே பதிவு செய்யும் 'ஆட்டோ' வசதி பல கருவிகளில் உண்டு. காட்டுப் பாதைக்கு அது பொருத்தமானது.

ஒரே பாதை, மூன்று பேர், மூன்று கணக்கு: ஏன்?

நண்பர்கள் மூன்று பேர் ஒரே பாதையில் நடந்து இறங்கியதும் ஒருவர் 11 கிலோமீட்டர் என்பார், இன்னொருவர் 12 என்பார், மூன்றாமவர் 12.5 என்பார். யார் சொல்வது சரி?

திறந்த வானத்தின் கீழ் செல்போன் ஜிபிஎஸ் பொதுவாக 4.9 மீட்டர் ஆரத்துக்குள் துல்லியமாக இருக்கும் என்கிறது அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தகவல் தளம். ஆனால் காட்டில் திறந்த வானம் எங்கே இருக்கிறது? அடர்ந்த மரங்கள் சிக்னலைப் பலவீனமாக்கும். பள்ளத்தாக்கில் இறங்கினால் வானத்தில் பாதியை மலையே மறைத்துவிடும். பாறைச் சுவரில் பட்டுத் திரும்பி வரும் சிக்னல், நேராக வருவதைவிடத் தாமதமாக வந்து சேரும். கருவி அதையும் நம்பி, நீங்கள் இருக்கும் இடத்தைத் தள்ளிக் காட்டும்.

இன்னொன்று, நீங்கள் உட்கார்ந்து சாப்பிடும் அரை மணி நேரமும் கருவி சும்மா இருப்பதில்லை. நீங்கள் அசையாவிட்டாலும் புள்ளி அங்கும் இங்குமாகத் தாவிக்கொண்டே இருக்கும். அந்தத் தாவலும் நடந்த தூரமாகக் கணக்கில் ஏறிவிடும்.

உயரக் கணக்கில் தவறு இன்னும் அதிகம். செயற்கைக்கோள்கள் எல்லாம் நம் தலைக்கு மேலே மட்டுமே இருப்பதால் மேல்-கீழ் அளவு அவ்வளவு துல்லியமாகக் கிடைக்காது. இதனால்தான் விலை கூடிய கருவிகளில் காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடும் சென்சாரும் சேர்க்கப்படுகிறது.

மலையில் உண்மையிலேயே ஆபத்தானது இன்னொரு விஷயம். ஒரு வேபாயின்ட்டை நோக்கிப் போகச் சொன்னால், கருவி காட்டும் அம்புக்குறி நேர்கோட்டில்தான் காட்டும். 'இன்னும் 200 மீட்டர்' என்று சொல்லும். நடுவில் செங்குத்துப் பாறை இருப்பதை அந்த எண் சொல்லாது. அதனால் திரும்பி வரும்போது அம்புக்குறியை நம்பி குறுக்கு வழியில் இறங்காமல், ஏறி வந்த டிராக் மீதே நடப்பதுதான் பாதுகாப்பு. 'டிராக் பேக்' என்ற வசதி இதற்காகத்தான் இருக்கிறது.

செல்போனே போதாதா? தனிக் கருவி எதற்கு?

ஒரு நாள் நடைக்கு, வழிகாட்டியோடு போகிறீர்கள் என்றால் செல்போனே போதும். மேப்பை முன்பே டவுன்லோடு செய்துகொள்ள வேண்டும். டவர் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைக் காலி செய்யும், அதனால் ஃபிளைட் மோடில் போட வேண்டும். பவர் பேங்க் வேண்டும்.

இரண்டு, மூன்று நாள் நடை என்றால் கதை வேறு. கையடக்கக் கருவிகள் பலவும் கடையில் கிடைக்கும் இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும். உதாரணமாக, கார்மின் நிறுவனத்தின் இட்ரெக்ஸ் 22எக்ஸ் கருவி இரண்டு பேட்டரியில் 25 மணி நேரம் வரை ஓடும் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. தீர்ந்தால் புது பேட்டரி போட்டுக்கொள்ளலாம். மழையில் நனைந்த விரலால் டச் ஸ்கிரீனைத் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, பட்டன் இருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வழி காட்டும் கருவியும் உதவிக்கு அழைக்கும் கருவியும் தனித்தனியாக இருக்கும். மேப் பார்த்துப் பார்த்தே போன் பேட்டரி தீர்ந்துவிட்டால், டவர் கிடைக்கும் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தும் பேச முடியாது.

உதவி கேட்க இது பயன்படுமா?

பயன்படாது. கையடக்க ஜிபிஎஸ் கருவி வெறும் ரிசீவர். செயற்கைக்கோளில் இருந்து பெறும், திருப்பி எதையும் அனுப்பாது. உங்கள் கருவியில் தடம் எவ்வளவு அழகாகப் பதிவாகியிருந்தாலும், அடிவாரத்தில் காத்திருப்பவருக்கு அது தெரியாது.

ஆனால் உதவி கேட்க ஏதாவது வழி கிடைத்தால், மீட்புக் குழுவுக்குத் தேவையான துல்லியமான இடத்தை இந்தக் கருவி தரும். எங்காவது ஒரு கோடு டவர் கிடைத்தால்கூட 112 எண்ணை அழைத்து அட்சரேகை, தீர்க்கரேகையைச் சொல்லலாம். பேச முடியாத அளவுக்குச் சிக்னல் பலவீனமாக இருந்தால், கீழே இருக்கும் உறவினருக்கோ நண்பருக்கோ எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்க்கலாம். குறைந்த சிக்னலிலும் அது போய்ச் சேர வாய்ப்பு இருக்கிறது.

இங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. கொடைக்கானல் பக்கம் ஒருவர் மாட்டிக்கொண்டு, '10.25 டிகிரி வடக்கு' என்று சொல்கிறார் என வைத்துக்கொள்வோம். கேட்பவர் அதை '10 டிகிரி 25 நிமிடம்' என்று எழுதிக்கொண்டால் என்ன ஆகும்? ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். 10.25 டிகிரி என்றால் உண்மையில் 10 டிகிரி 15 நிமிடம். அந்த 10 நிமிட வித்தியாசம் தரையில் சுமார் 18 கிலோமீட்டர். மீட்புக் குழு வேறு மலைக்கே போய்விடும். அதனால் எண்ணைச் சொல்லும்போது 'பத்து புள்ளி இரண்டு ஐந்து டிகிரி' என்று தெளிவாகச் சொல்லி, மறுமுனையில் இருப்பவரைத் திருப்பிப் படிக்கச் சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் எஸ்ஓஎஸ் பட்டன் உள்ள கருவி வாங்கலாமா?

செயற்கைக்கோள் வழியாகவே செய்தி அனுப்பும் கருவிகளும் இருக்கின்றன. கார்மினின் இன்ரீச் அந்த வகை. பல நாடுகளில் மலையேறுபவர்கள் இதை வழக்கமாக எடுத்துச் செல்கிறார்கள். பட்டனை அழுத்தினால் மீட்பு மையத்துக்கு இருப்பிடத்தோடு தகவல் போய்விடும்.

ஆனால் இந்தியாவில் இது சட்டச் சிக்கல். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் உள்ளிட்ட செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகளை வைத்திருப்பது குற்றம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் இன்ரீச் கருவியோடு வந்த கனடா நாட்டுப் பயணி ஒருவர் தடுத்து நிறுத்தப்பட்டார். இந்தியா செல்லும் தன் குடிமக்களை பிரிட்டன் அரசும் பயண ஆலோசனையில் இதைச் சொல்லி எச்சரிக்கிறது.

ஏன் இவ்வளவு கெடுபிடி? 2008 மும்பை தாக்குதலை நடத்தியவர்களிடம் சாட்டிலைட் போனும் ஜிபிஎஸ் கருவியும் இருந்தது விசாரணையில் தெரியவந்தது. யாரும் ஒட்டுக்கேட்க முடியாத தகவல் தொடர்பு குறித்து பாதுகாப்பு அமைப்புகளுக்கு உள்ள கவலை இது.

புதிய ஐபோன்களில் உள்ள செயற்கைக்கோள் அவசர அழைப்பு வசதியும் எல்லா நாடுகளிலும் கிடைக்காது. 2022இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கி, ஒவ்வொரு நாடாகத்தான் விரிவாகிறது. போனில் வசதி இருக்கிறது என்பதற்காக, சேவை உள்ள நாடுகளின் பட்டியலைப் பார்க்காமல் அதை நம்பி மலையேறக் கூடாது.

தடத்தைப் பதிவு செய்வது சட்டப்படி சரியா?

வெறும் ரிசீவரான ஜிபிஎஸ் கருவியை வாங்கவோ பயன்படுத்தவோ இதுபோன்ற அனுமதி தேவையில்லை. மத்திய அரசு 2021 பிப்ரவரி 15ஆம் தேதி வெளியிட்ட புவியிடத் தரவு வழிகாட்டுதல்கள், இந்தியர்கள் வரைபடத் தகவல்களைச் சேகரிக்க முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற பழைய நடைமுறையைத் தளர்த்தின. பாதுகாப்பு முக்கியத்துவம் உள்ள விவரங்களை வரைபடத்தில் குறிப்பதற்குக் கட்டுப்பாடு தொடர்கிறது. அதனால் ராணுவப் பகுதி, எல்லைப் பகுதியில் கூடுதல் கவனம் தேவை. விமான நிலையத்தில் கேட்டால், இது ரிசீவர்தான், எதையும் அனுப்பாது என்று விளக்கத் தயாராக இருப்பது நல்லது.

பதிவு செய்த தடத்தை ஊருக்கே பகிர்வது வேறு விஷயம். ஓட்டப் பயிற்சி ஆப் ஆன ஸ்ட்ராவா, தன் பயனர்கள் ஓடிய தடங்களை எல்லாம் சேர்த்து வெளியிட்ட உலக வரைபடத்தில், ராணுவ முகாம்களின் இருப்பிடங்கள் வெளிச்சம் போட்டதுபோலத் தெரிந்தது 2018 ஜனவரியில் பெரிய சர்ச்சை ஆனது. வீரர்கள் ரகசியத்தை எழுதிவைக்கவில்லை. முகாமைச் சுற்றி ஓடியதை மட்டும் பதிவு செய்தார்கள்.

சாதாரண ஆட்களுக்கும் இது பொருந்தும். வீட்டு வாசலில் பதிவைத் தொடங்கினால், தடத்தின் முதல் புள்ளியே உங்கள் முகவரி. காட்டில் அரிய பறவையின் கூட்டை வேபாயின்ட்டாகக் குறித்துப் பகிர்ந்தால், அது வேட்டைக்காரருக்கும் சேர்த்துத்தான் வழி சொல்கிறது.

இன்டர்நெட்டில் தடம் கிடைத்தால் அந்த வழியில் போகலாமா?

ஒருவர் நடந்த கோடு இன்டர்நெட்டில் இருக்கிறது என்பதற்காக அது அனுமதிக்கப்பட்ட பாதை என்று அர்த்தமில்லை. அவர் எந்த மாதத்தில் போனார், யாரிடம் அனுமதி வாங்கினார், யானை நடமாட்டம் இருந்ததா என்று அந்தக் கோடு சொல்லாது.

2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் சிக்கி, ட்ரெக்கிங் சென்ற 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்கள் சென்ற பாதைக்கு அனுமதி பெறப்படவில்லை என்று அப்போது அரசுத் தரப்பில் கூறப்பட்டது. அதன் பிறகு, வனப்பகுதியில் ட்ரெக்கிங் செல்வதற்கென்று தமிழ்நாடு அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கப்பட்டு, 40 பாதைகளுக்கு ஆன்லைனிலேயே முன்பதிவு செய்யும் வசதி வந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருவார்கள். காட்டுத்தீ அபாயம் உள்ள கோடை மாதங்களில் பாதைகள் மூடப்படும்.

அனுமதிச் சீட்டைப் பலரும் வெறும் கெடுபிடியாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் இத்தனை பேர், இந்தப் பாதையில், இத்தனை மணிக்கு உள்ளே போனார்கள் என்ற பதிவு வெளியே ஒருவரிடம் இருக்கிறது. ஜிபிஎஸ் கருவியால் செய்ய முடியாத வேலை அதுதான். மாலைக்குள் நீங்கள் இறங்காவிட்டால், தேட வேண்டும் என்று ஒருவருக்குத் தெரியும். எங்கிருந்து தேட வேண்டும் என்றும் தெரியும்.

கிளம்பும் முன் என்ன செய்ய வேண்டும்?

* காட்டுக்குள் நுழையும் முன், திறந்த வெளியில் கருவியை ஆன் செய்து சில நிமிடங்கள் வையுங்கள். நீண்ட நாள் அணைத்து வைத்த கருவிக்கு முதல் இருப்பிடம் கிடைக்க நேரம் ஆகும்.
* வண்டி நிறுத்திய இடத்தை முதல் வேபாயின்ட்டாகக் குறியுங்கள். பழைய டிராக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.
* பாதை பிரியும் ஒவ்வொரு இடத்தையும் குறியுங்கள். ஏறும்போது தெளிவாகத் தெரிந்த பிரிவு, இறங்கும்போது மூடுபனியில் தெரியாமல் போகலாம்.
* கருவியைப் பையின் அடியில் போடாமல், தோள் பட்டையில் வானம் பார்க்கும்படி மாட்டுங்கள்.
* மாற்று பேட்டரியும், காகித வரைபடமும் எடுத்துக்கொள்ளுங்கள்.
* போகும் பாதையின் கோப்பையும், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதையும் வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். அந்த நேரம் தாண்டினால் யாரை அழைக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுங்கள்.

வழி தவறிவிட்டது என்று தெரிந்தால், முதலில் நில்லுங்கள். டிராக்கைப் பாருங்கள், எந்தப் புள்ளியில் கோடு பாதையை விட்டு விலகியது என்று தேடுங்கள். அதே தடத்தில் அந்தப் புள்ளி வரை திரும்பி நடங்கள். அது முடியாவிட்டால், இருட்டுவதற்குள் பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்துவிடுவதே மேல். நகர்ந்துகொண்டே இருப்பவரைவிட ஒரே இடத்தில் இருப்பவரைக் கண்டுபிடிப்பது எளிது.

ஆனால் அதற்கு, நீங்கள் திரும்பவில்லை என்று கீழே ஒருவர் கவலைப்படத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் மலையேற வேண்டும்.